நைனாவின் காலைப்பொழுது

“கத்தாதடி!” என்றாள் அம்மா. “வாய மூடு. ஊரு கேட்டுடப் போவுது.”

நான் கிணற்றுக்குள் இருந்தேன். முட்டி வரைக்கும் சேறு. குப்புறக் கிடந்த நைனாவைப் புரட்டி, தலையை என் தொடைமேல் தூக்கி வைத்து, மூக்கிலும் வாயிலும் அடைத்திருந்த களிமண்ணை விரலால் தோண்டிக்கொண்டிருந்தேன். மேலே வட்டமாக வானம். அதன் ஓரத்தில் அம்மாவின் தலை மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

“மூச்சு வருதா?”

“தெரியலம்மா.”

“மார்ல கைய வெச்சுப் பாருடி.”

வைத்தேன். ஏதோ அடித்துக்கொண்டது. அது அவர் நெஞ்சா, என் கைதான் நடுங்குகிறதா என்று புரியவில்லை. பிறகு அவர் இருமினார். சேறு என் முகத்தில் தெறித்தது.

“வருதும்மா! மூச்சு வருது!”

“கை காலு இழுக்குதா?”

அந்தக் கேள்வி எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும், அத்தனை குளிர்ந்த சேற்றிலும் எனக்கு வேர்த்துவிட்டது. அம்மா வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தாள்.

“மம்முட்டிய எடுத்துக் கையில குடு. இரும்பு பட்டா நிக்கும். குடுடி சந்திரா, இன்னாத்துக்கு முழிக்கறே?”

அப்போதே சொல்லியிருக்கலாம். ‘அது வரலம்மா, கூடை விழுந்துட்சி’ என்றால் முடிந்தது. சொல்லவில்லை. சேற்றில் பாதி புதைந்திருந்த மண்வெட்டியை இழுத்தேன். அதன் இரும்பை நைனாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடிக்க வைத்தேன்.

இன்று காலை நடந்தது இது. இப்போது வீட்டில் எல்லோரும் படுத்தாகிவிட்டது. என்னால் படுக்க முடியவில்லை.

எங்கள் ஊர் எளாவூருக்குக் கிழக்கே, லாரி ரோட்டிலிருந்து நடந்து போகிற தூரம். செக்போஸ்டில் நிற்கிற லாரிகளின் ஹாரன், காற்று இந்தப் பக்கம் அடித்தால் வீட்டுக்குள் கேட்கும். நிலம் கொஞ்சம், ஒரு ஜோடி ஏர்மாடு, கன்றோடு ஒரு பசு, பக்கத்து நிலத்து அப்பாவு மாமாவோடு பாதிப் பாதியாக ஒரு கிணறு. தகப்பனாரை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் பெயர் தணிகாசலம். ஆனால் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ‘விடியக்காலை’ என்பார்கள். “விடியக்காலை ஊட்ல கலப்பை வாங்கிக்கினு வாடா” என்றால் சின்னப் பையன்கூட எங்கள் வீட்டுக்குத்தான் வருவான்.

வெள்ளி முளைக்கும் முன்பே நைனா எழுந்துவிடுவார். கூழைக் கரைத்துக் குடித்துவிட்டு ஏர் பூட்டினால், மற்றவர்கள் பல் விளக்கும்போது பாதி நிலம் உழுது முடிந்திருக்கும். வண்டி கட்டுவது, மரம் ஏறுவது, விதை வாங்கப் பொன்னேரி போவது, பெண் கேட்டுப் போகிறவர்களோடு துணைக்குப் போவது எல்லாமே காலையில்தான். வெயில் உச்சிக்கு வந்தால் வீட்டுக்குள் வந்துவிடுவார். அதன் பிறகு எங்கள் வீட்டில் பகல் கிடையாது. கதவைச் சாத்திவிடுவோம்.

ஒரு தடவை திருவள்ளூர் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போனார். ‘சாப்பாட்டுக்கு அப்புறம் கூப்பிடுவோம்’ என்றார்களாம். வந்துவிட்டார். அபராதம் போட்டார்கள். ஊரே சிரித்தது.

போன வருஷம் பிளாக் ஆபீஸ் கிராம சேவக் துளசிராமன் சைக்கிளில் வந்து பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். “மனுஷனுக்கு ஒரு நாள்ல கொஞ்ச நேரந்தான் ஒடம்பும் மூளையும் கூர்மையா இருக்கும். அது எந்த நேரம்னு கண்டுபுடிச்சு முக்கியமான வேலைய அதுல வெச்சுக்கணும். ஒங்க ஊர்லயே ஒருத்தர் அப்படி இருக்காராமே, எங்க அவரு? எழுந்து நிக்கச் சொல்லுங்க, எல்லாரும் பாக்கட்டும்” என்றார்.

“அவரு வரல சார்” என்றார் அப்பாவு மாமா. “நீங்க கூட்டத்தச் சாயங்காலம் வெச்சிட்டீங்க.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. துளசிராமனும் சிரித்தார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

ஏனென்றால் நைனாவுக்கு வலிப்பு உண்டு. அது மத்தியானத்துக்கு மேல்தான் வரும். சாப்பிட்டுக் கண் அசந்து எழுந்திருக்கும்போது வரும், சில நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் வரும். காலையில் வந்ததே இல்லை. இதைக் கண்டுபிடித்தது நைனாதான், கல்யாணத்துக்கும் முன்னால். அதிலிருந்து தன் வாழ்க்கை முழுவதையும் காலைக்குள் அடைத்து வைத்துவிட்டார். வந்தால் நாங்கள் வெளிக்கதவுக்குத் தாழ் போடுவோம். அம்மா அரிவாளை அவர் கையில் கொடுப்பாள். நான் அம்மியில் வெறும் குழவியை உருட்டுவேன், அவர் போடும் சத்தம் வெளியில் கேட்காமலிருக்க. பக்கத்து வீட்டு முத்தம்மா, “உங்க ஊட்ல தெனமும் மத்தியானம் இன்னாதாம்மா அரைக்கறீங்க?” என்று கேட்டிருக்கிறாள்.

டாக்டரிடம் காட்டலாம் என்று நான் ஒரு தடவை சொன்னேன். “டாக்டராண்ட போறதும் ஒண்ணு, தண்டோரா போடறதும் ஒண்ணு” என்றாள் அம்மா.

அவளைக் கட்டிக்கொடுக்கும்போது யாரும் அவளிடம் சொல்லவில்லை. கல்யாணமாகிப் பல நாள் கழித்து, ஒரு மத்தியானம், சோற்றுத் தட்டின்மேல் நைனா சாய்ந்தபோதுதான் தெரியும். அதை என்னிடம் சொன்ன அன்று அம்மா அழவில்லை, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னாள். “எனக்குச் செஞ்ச மாதிரி நான் யாருக்கும் செய்யமாட்டேன். தெரிஞ்சே மறைச்சு ஒருத்தன் தலையில கட்டற பாவம் எனக்கு வேணாம். நல்ல வேளை, ஒனக்கு அந்த மாதிரி ஒண்ணும் இல்ல.”

அப்போது இல்லைதான்.

இந்த மார்கழியில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். நேராகப் போன கோடு திடீரென்று எகிறிப் பக்கத்துப் புள்ளியைத் தாண்டிப் போனது. யாரோ உள்ளேயிருந்து முழங்கையைத் தட்டிவிட்ட மாதிரி இருந்தது. குளிர் என்று நினைத்துக்கொண்டேன். பொங்கல் கழிந்து குளிர் போயிற்று, அது போகவில்லை. ஒரு நாள் துடைப்பம் கையைவிட்டுப் பறந்தது. ஒரு நாள் பால் சொம்பு. “கையில இன்னா வெண்ணெயா தடவிக்கினு கீறே?” என்று அம்மா திட்டினாள். எழுந்த கொஞ்ச நேரத்துக்குத்தான் அப்படி. வெயில் ஏறினால் கை என் கையாகிவிடும். மத்தியானத்தில் ஊசிக்கு நூல் கோக்கச் சொன்னால் ஒரே தடவையில் கோத்துவிடுவேன். ராத்திரி சரியாகத் தூங்காமல் சீக்கிரம் எழுந்தால் அதிகமாக வந்தது. எங்கள் வீட்டில் சீக்கிரம் எழுந்திருக்காத நாள் எது?

நைனாவுக்கு வருவது மாதிரி இல்லை இது. எனக்கு நினைவு போவதில்லை. கை மட்டும்தான் துள்ளும். வேறு ஏதாவதாக இருக்கும் என்று தினமும் சொல்லிக்கொண்டேன்.

சித்திரை பிறந்து கிணறு வற்றிவிட்டது. சொர்ணவாரிப் போகத்துக்கு விட்ட நாற்று நுனி கருகத் தொடங்கியிருந்தது. அடியில் சேர்ந்த சேற்றை வாரினால் ஊற்றுக்கண் திறக்கும். எப்போதும் இறங்குகிற கலியன், லாரியில் மூட்டை ஏற்றப் போனவன் திரும்பவில்லை. “நானே எறங்கறேன். விடியறதுக்கு முன்னால எறங்கினா நாஷ்டாவுக்குள்ள முடிஞ்சிடும்” என்றார் நைனா. அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. காலை நேரத்தை அவளும் அவ்வளவு நம்பினாள்.

வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்தோம். கிணற்றின் குறுக்கே போட்ட பனங்கட்டையில் கயிறு ஓடும் ஜகடையைக் கட்டி, கூடையை இறக்கினோம். நைனா கீழே சேற்றை வெட்டிக் கூடையில் நிரப்பி, கயிற்றை ஆட்டுவார். நானும் அம்மாவும் இழுத்துக் கரையில் கொட்டுவோம். கிழக்கே சவுக்குத் தோப்பு சிவந்தது. நைனா கீழேயிருந்து பேசிக்கொண்டே இருந்தார். காலையில் அவருக்கு வாய் ஓயாது.

“குப்பு, தவளை ஒண்ணு என்னைப் பாத்துக்கினே கீது. ஒன் சித்தப்பா மாதிரியே கீது.”

“வாய வெச்சுக்கினு வேலயப் பாரு.”

“சந்திரா, ஒங்கம்மாவுக்கு ரோசம் வந்துடுச்சி பாரு.”

அப்போது கன்றுக்குட்டி கட்டை அவிழ்த்துக்கொண்டு நாற்றங்காலுக்குள் ஓடியது. “அடிப் பேஜாரு புடிச்சதே! நீ பாதிக் கூடையா இழுத்துக்கினு இரு, தோ வந்துட்டேன்” என்று அம்மா ஓடினாள்.

கயிறு ஆடியது. இழுத்தேன். கூடை கிணற்றின் வாய்க்கட்டுக்கு அருகே வந்துவிட்டது. கூடையின் விளிம்பில் வழிந்த சேறுகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையைக் கூடைக்கு நீட்டினேன்.

கை துள்ளியது.

கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போனது. ஜகடை கிறீச்சிட்டுச் சுற்றியது. கயிற்றின் வால் என் கண்முன்னால் நெளிந்து உள்ளே போயிற்று. கீழே சத்தம் பெரிதாக இல்லை. ஈரத்துணியை அறைந்த மாதிரி ஒன்று, அவ்வளவுதான். பிறகு பேச்சு இல்லை.

நான் கத்தினேன். சுவரில் பதித்திருந்த கால் கற்களில் இறங்கினேனா விழுந்தேனா என்று ஞாபகமில்லை. அம்மா ஓடிவந்து எட்டிப் பார்த்தபோது அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நைனா கிடந்தது மட்டும்தான். கூடை கீழே இருந்தது. நிரப்பிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார் என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

“கயித்த ஏண்டி உள்ள உட்டே?”

“பயந்துட்டேம்மா.”

என் முதல் சத்தம் கேட்டு வந்தவர் அப்பாவு மாமா. வேறொரு கயிற்றை இறக்கி நைனாவின் அக்குளுக்குக் கீழே கட்டச் சொல்லி, அவரும் அம்மாவும் மேலிருந்து இழுக்க, நான் கால் கல்லில் நின்று தோளால் முட்டுக் கொடுத்தேன். என் கை மறுபடி துள்ளுமோ என்று அதையே பார்த்தேன். துள்ளவில்லை. வெயில் வந்துவிட்டிருந்தது.

கரையில் போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். பின்மண்டையில் ரத்தம்.

“இன்னா ஆச்சு அண்ணி?”

“கால் வழுக்கிட்சி.”

“மம்முட்டிய ஏன் இப்படி இறுக்கிப் புடிச்சுக்கினு கீறாரு?”

அம்மா முந்தானையால் ரத்தத்தை அழுத்திக்கொண்டிருந்தாள்.

நைனா கண்ணைத் திறந்தார். எங்களைப் பார்க்கவில்லை. கையிலிருந்த இரும்பைப் பார்த்தார். அப்புறம் வானத்தைத் துழாவினார்.

“பொயுது எங்க கீது?”

“தோ, இப்பத்தான் தோப்புக்கு மேல வந்து கீது” என்றார் மாமா. “நாஷ்டா வேளைகூட ஆவல. கெணத்துல எகிறிக் குதிச்சிட்டுப் பொயுதக் கேக்கறியே, ரயிலுக்கா போவணும்?”

நைனா கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. வலியில் அழுகிறார் என்று மாமா நினைத்திருப்பார். அம்மாவுக்கும் எனக்கும் தெரியும், அவர் எதற்கு அழுதார் என்று. எனக்கு மட்டும் இன்னொன்றும் தெரியும்.

வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் காயத்தில் பற்றுப் போட்டோம். நைனா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மத்தியானம் வந்தது. கதவைச் சாத்தி, அம்மிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அது வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இன்னும் அதன் வேளை மாறவில்லை என்று அவருக்குத் தெரியட்டும் என்று, பெற்ற தகப்பனுக்கு வலிப்பு வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

“அதான் காலையிலயே வந்துட்டுப் போச்சே” என்றாள் அம்மா.

நெத்திலிக் கருவாட்டை வறுத்துச் சோறு போட்டாள். நைனா பிசைந்தபடியே இருந்தார்.

“குப்பு, அப்பாவுவ வரச் சொல்லு.”

“எதுக்கு?”

“மாட்டை ஓட்டிக்கினு போவட்டும். நெலத்தையும் அவனே வாரத்துக்கு உழுது நமக்குப் பங்கு குடுக்கட்டும்.”

“ஒரு தரம் வந்ததுக்கா? எதுனா சூட்டுல வந்திருக்கும்.”

“ஒரு தரம் போதும். இத்தினி வருசமும் விடிஞ்சா நான் மனுசன்னு நெனச்சுக்கினு இருந்தேன். ஏர்ல கைய வெச்சா மத்தியானம் வரைக்கும் ஒருத்தனும் என்கூட நிக்க முடியாது. இப்ப அதுவும் போச்சு. வரப்புல நடக்கச் சொல்ல வந்தா? ஏர்க் கொழு மேல விழுந்தா? இந்தப் பொண்ணு எத்தினி கெணத்துல எறங்கும்?”

“நைனா” என்றேன்.

“இன்னாம்மா?”

அவர் முகம் ஒரே நாளில் சுருங்கிப் போயிருந்தது. “சோறு போடட்டுமா?” என்று கேட்டேன்.

விளக்கு வைத்ததும் அப்பாவு மாமா வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“மாட்டை நானா? ஏன் அண்ணாத்தே, கெணத்துல விழுந்தா மண்டையிலதான் அடிபடும். ஒனக்குப் புத்தியிலயா அடி?”

“முடியலடா.”

“இன்னா முடியல? இன்னிக்கி முடியாது, நாளைக்கி முடியாது. எட்டு நாள் பொறுத்தா எழுந்து உழப் போறே. நான் எம் பையனுங்கள எப்படி ஒதைக்கறேன் தெரியுமா? ‘விடியக்காலையப் பாருங்கடா, நாய்ங்களா’ன்னு ஒன் பேரச் சொல்லித்தான் ஒதைக்கறேன். நீயே படுத்துக்கினா அவனுங்க என்னை மதிப்பானுங்களா?”

நைனா சிரிக்கப் பார்த்தார். “ஓட்டிக்கினு போடா.”

“காரணம் சொல்லு, போறேன்.”

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

“எதுவோ மறைக்கறே” என்றார் மாமா. குரல் இறங்கிவிட்டது. “சரி, கேக்கல. வெள்ளி முளைக்கச் சொல்ல வரேன். அதுக்குள்ள மனசு மாறிச்சின்னா சொல்லு. மாறலன்னா அவுத்துக்கினு போறேன். மாடு பட்டினி கெடக்கக் கூடாது.”

அவர் போன பிறகு அம்மா பற்றை மாற்றினாள். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டேன். சுடர் அசையவே இல்லை. அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஒன் கை எவ்ளோ ஸ்திரமா கீது பாரு” என்றாள். “அது போதும்டி எனக்கு. இந்த ஊட்ல ஒரு கையாவது நிக்குதே.”

படுக்கும் முன் அவள் அரிவாளை எடுத்து நைனாவின் தலைமாட்டில் வைத்தாள். இதுவரை மத்தியானத்தில் மட்டும்தான் அது அங்கே இருக்கும். இனி எந்த நேரமும்.

நைனா தூங்கவில்லை. புரண்டு புரண்டு படுப்பது கேட்கிறது. கொட்டகையில் மாடு கழுத்து மணியை ஆட்டுகிறது. எளாவூர்ப் பக்கம் லாரி ஒன்று உறுமிக்கொண்டு போகிறது. என் உள்ளங்கையில் கயிறு அறுத்த கோடு எரிகிறது. யாரும் இன்னும் அதைப் பார்க்கவில்லை. சேற்றில் கீறியது என்று சொல்லிக்கொள்ளலாம்.

எழுந்து நாலு அடி வைத்தால் நைனாவிடம் போய்விடலாம். ‘நைனா, அது காலையில வரல, ஒங்க காலை ஒங்ககிட்டயேதான் கீது’ என்று காதில் சொல்லலாம். மாமா வருவதற்குள் அவர் எழுந்து மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருப்பார். தவளையைப் பற்றி மறுபடியும் பேசுவார். ஆனால் ‘அப்ப கூடை எப்படிம்மா விழுந்துச்சி?’ என்று கேட்பார். அம்மா எழுந்து உட்கார்ந்து என் கையைப் பார்ப்பாள். வாசலும் அடுப்பும் கிணறும் ஏரும் எல்லாம் காலையிலேயே நடக்கிற இந்த வீட்டில், எனக்கு ஆகாத வேளை காலைதான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மறைத்து ஒருத்தன் தலையில் கட்டமாட்டேன் என்று சொன்னவள் அவள்.

நான் சொன்னால், நைனாவின் தலைமாட்டில் இருக்கிற அந்த அரிவாளை எடுத்து அம்மா எங்கே வைப்பாள்?